ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றவர்

அக்காவின் வயிற்றில் மூன்றாம் மாதம் தொடங்கியபோதே கரு வளராமல் நின்றுவிட்டது. துடிப்பு இல்லை என்று மதுரையில் ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். அவள் கணவர், அதாவது நான் மச்சான் என்று கூப்பிடுகிற மனிதர், எதிரே டீக்கடையில் நின்றார். கதவு வரைக்கும் வந்து, "பொம்பளைங்க இருக்குற எடம், நீங்க போங்க" என்று பெருந்தன்மையாகத் திரும்பிப் போனவர். பொறியியல் படித்தவர். கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் நின்றால் யாரும் கூப்பிடாமலே உள்ளே போய்ப் பார்ப்பவர்.

அக்கா டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டேனா டாக்டர்?"

"இல்லம்மா. ஆரம்பத்துல நின்னுபோறது பெரும்பாலும் கரு உண்டாகும்போதே குரோமோசோம் சரியாச் சேராததால. நீ தின்னதாலயோ நடந்ததாலயோ இல்ல."

நின்றுபோன கரு தானாக வெளியே வரவில்லை, அதற்கு மாத்திரை தருகிறேன் என்றும் சொன்னார். உயிரித் தொழில்நுட்பம் முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த எனக்கு இதெல்லாம் பாடத்தில் படித்தது. திருவாதவூரில் அவள் மாமியார் வீட்டுக்குத் துணையாகப் போனபோது, யார் கேட்டாலும் எடுத்துச் சொல்லிவிடலாம் என்று துடிப்பாக இருந்தேன். யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது.

சாவு வீடு என்றால் அந்தத் தெருவே கட்டிப்பிடித்து அழும். இதற்கு எப்படி அழுவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து விசாரணை நடத்தினார்கள். தலைமை விசாரணை அதிகாரி மச்சானின் பெரியம்மா.

"பப்பாளி கிப்பாளி தின்னியாத்தா?"

"இல்ல பெரியத்தை."

"எள்ளு?"

"இல்ல."

"அப்ப வண்டிதான். மேலூருக்கு அம்புட்டு தூரம் தெனமும் குலுக்கிக்கிட்டுப் போனா புள்ள எப்படித் தங்கும்?"

மேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அக்கா டீச்சர். ஸ்கூட்டியில்தான் போய்வருவாள். நாள் தள்ளிப்போனதிலிருந்து, பெரிய குழியைக் கண்டால் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவள். அதை அவள் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"பெரியத்தை, வலி எடுக்குற அன்னைக்கு வரைக்கும் நாத்து நட்டேன்னு பொங்கலுக்குச் சொன்னீங்கள்ல? அன்னைக்கெல்லாம் சேத்துல குனிஞ்சு நிமிந்தது குலுங்கலையா?"

"அது ஒழைப்பு. இது பெட்ரோலு."

இதற்கு மேல் எந்த விஞ்ஞானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அன்று சாயங்காலம் ஸ்கூட்டிச் சாவி அக்கா மாமியாரின் இடுப்புக்குப் போய்விட்டது. வேலையை விடுவது பற்றி அக்காவைத் தவிர எல்லோரும் பேசினார்கள்.

அடுத்த நாள் மச்சான் தன் பங்குக்கு ஒன்று செய்தார். மாத்திரை அட்டையைக் கைபேசியில் படம் பிடித்து, பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறார். நேராகத் தன் அம்மாவிடம் போனார்.

"எம்மா, இது கலைக்கிறதுக்குப் போடுற மாத்திரையாம்."

"நெசமாவாடா? வேலை போயிரும்னு இவளே வேணாம்னுட்டாளா?"

அறைக்குள் இருந்த அக்காவுக்குக் கேட்கட்டும் என்றே பேசிய மாதிரி இருந்தது. அந்தக் குழந்தைக்காகக் காபியை விட்டவள் அவள். நான் எழுந்து வெளியே வந்தேன்.

"மச்சான், கரு தானா நின்னுபோனாலும், ஒருத்தி வேணாம்னு முடிவு பண்ணாலும், கர்ப்பப்பை தெறந்து காலியாகணும். அதே மாத்திரைதான் ரெண்டுக்கும். நம்ம மோட்டார் கெணத்துத் தண்ணியையும் எறைக்கும், வீட்டுக்குள்ள புகுந்த மழைத் தண்ணியையும் எறைக்கும். மோட்டாரப் பாத்து எந்தத் தண்ணின்னு சொல்லுவீங்களா?"

"சந்தேகமெல்லாம் இல்லம்மா. சும்மா கேட்டேன், அம்புட்டுதான்."

"அவளே வேணாம்னு போயிருந்தாலும் டாக்டர் அவகிட்டதான் சம்மதம் கேப்பாங்க. உங்க கையெழுத்து அதுக்குத் தேவையே இல்ல."

குழந்தை போனதற்கு வராத அதிர்ச்சி அப்போது வந்தது அவர் முகத்தில்.

"புருசன் கையெழுத்து வேணாமா?"

டாக்டரை ஸ்பீக்கரில் போட்டுப் பேச வைக்கிறேன் என்று கைபேசியை எடுத்தேன். அறைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"வேணாம்டி. நான் யாருக்கும் சாட்சி கூட்டிட்டு வர மாட்டேன்."

மறு பரிசோதனைக்குப் போகவேண்டிய நாளில் குளித்துக் கிளம்பி மாமியார் முன் நின்றாள்.

"அத்தை, சாவி."

"அவன் கார் சொல்லிருக்கான் தாயி."

"சாவியக் குடுங்கத்தை."

குரல் உயரவில்லை. சாவி வந்தது. நான் பின்னால் உட்கார்ந்தேன். மச்சான் எங்களுக்குக் காவல் வருவதுபோல மதுரை வரைக்கும் பைக்கில் பின்னாலேயே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும், "இந்தத் தடவ நானும் உள்ள வாரேன்" என்றார். அக்கறை என்று நினைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் டாக்டர் வாயால் கேட்டுவிட்டு வரச்சொல்லி அவர் அம்மா அனுப்பியது, சமையற்கட்டில் நின்ற என் காதிலும் விழுந்திருந்தது.

பொம்பளைங்க இருக்குற எடம் அன்று அவருக்குக் கூச்சமாக இல்லை. திரைக்கு மிக அருகில் போய் நின்றுகொண்டார். டாக்டர் கருவியை அடிவயிற்றில் நகர்த்திப் பார்த்துவிட்டு, அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்.

"துடிப்பு இல்லாம நின்னது முழுசா வெளிய வந்துருச்சும்மா. எதுவும் தங்கல. இனி பயமில்ல."

தேடி வந்த பதில் அதிலேயே இருந்தது. அது அவருக்கு உறைக்கவில்லை. மோட்டாரில் கோளாறு தேடுகிறவர் மாதிரி கண்ணைச் சுருக்கி, கறுப்பும் சாம்பலுமாக இருந்த திரையையே பார்த்தார்.

"ஒன்னுமே தெரியலையே டாக்டர்?"

வயிற்றில் இருந்த களிம்பைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்தினாள்.

"போன தடவ இருந்துச்சு," என்றாள். "நீங்க டீக்கடையில இருந்தீங்க."

வெளியே வந்து வண்டியை எடுத்தவள், திருவாதவூர் பக்கம் திரும்பாமல் பரவையில் இருக்கும் எங்கள் அம்மா வீட்டுக்குத் திருப்பினாள். பைக்கும் வருகிறதா என்று நான்தான் இரண்டொரு முறை திரும்பிப் பார்த்தேன். வந்தது. பாலம் ஏறும்வரை வந்தது, பிறகு காணோம். அக்கா கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. குழிகளுக்கு இறங்கவும் இல்லை.