நேர்ந்துவிட்ட சேவல்

ரெங்கசாமி அண்ணன் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பலகைத் தொழிற்சாலைக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். எண்பத்து நான்காம் வருடம் மரக்கட்டைகள் சரிந்து வலது கால் நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது. கெண்டைக்காலில் இருந்த புண் மட்டும் ஆறுவதும் உடைவதுமாகவே இருந்தது. அதன்பிறகு லோரி ஓட்ட யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

கிள்ளானை அடுத்த மேருவில் எங்கள் வரிசையின் கடைசி வீடு அவருடையது. காலையில் ஆண்களெல்லாம் வேலைக்குக் கிளம்பிப் போனபின் அந்த வாசலில் அவர் மட்டும் மிஞ்சுவார், கைகளை என்ன செய்வதென்று தெரியாதவர்போல் மடியில் போட்டுக்கொண்டு. அந்தக் கைகளைப் பார்க்காமல் கடந்துபோக எல்லாரும் பழகியிருந்தோம்.

கோழி வளர்க்கும் யோசனை அவர் மனைவி வீரம்மா அக்காவுடையது. பாசார் சந்தையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கம்பத்து நாட்டுக்கோழிக் குஞ்சுகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"சும்மா உட்கார்ந்து என் மூஞ்சியையே பார்க்காதீங்க. இதுங்களப் பாருங்க."

கூண்டை அவர் உட்கார்ந்தபடியே கட்டினார். தொழிற்சாலைகள் தூக்கிப்போட்ட பெட்டிப் பலகைகளை ஆணி பிடுங்கி, நிமிர்த்தி, இழைத்தார். மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் கொல்லைக்குள் வரும் என்பதால் இடுப்பு உயரத்துக்குக் கால் வைத்தார். கோழி பிடிக்கும் மரநாயான மூசாங் ஏறினால் நகம் வழுக்கட்டும் என்று ஒவ்வொரு காலிலும் தகரம் சுற்றினார். எச்சம் கீழே விழுவதற்காகத் தரைப்பலகைகளுக்கு நடுவே விரலளவு இடைவெளி. கம்பி வலை இரண்டு மடிப்பு. மழைச்சாரல் அடிக்கும் பக்கம் அடைப்பு, மற்ற பக்கம் காற்று.

பக்கத்து வீட்டு ஜெயராஜ் வேலிமேல் சாய்ந்து பார்த்தான்.

"அண்ணே, என் வீட்டுக் கூரை மூணு இடத்துல ஒழுகுது. இதுல ரூம் காலியா இருந்தா சொல்லுங்க லா."

"முட்டை போடுவியா? போட்டா வா."

விபத்துக்குப் பிறகு அந்தக் கொல்லையிலிருந்து கேட்ட முதல் சிரிப்பு அது.

குஞ்சுகள் கோழிகளாயின, கோழிகள் அடைக்கு உட்கார்ந்தன. பெண்கள் முட்டைக்கு வந்தார்கள். குஞ்சு சுருண்டால் என்ன கொடுப்பது, எது அடைக்குத் தோதான கோழி என்று கேட்க டெங்கிலிலிருந்துகூட ஒருவர் வந்தார். பதில் சொல்லும்போது ரெங்கசாமி அண்ணன் எழுந்து நிற்பார், கால் வலித்தாலும். அந்தக் கூண்டு இல்லையென்றால் மறுபடி வாசலுக்குத்தான் போகவேண்டும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அடுத்த வருடம் புண்ணில் சீழ் வைத்தது. இப்படியே போனால் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வரும் என்றார் டாக்டர். வீரம்மா அக்கா அன்றே இருப்பதில் நல்ல செஞ்சேவலைப் பிடித்துக் காலில் மஞ்சள் துணி கட்டி, செம்பனைத் தோட்டத்து முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டார். கால் தங்கினால் ஆடித் திருவிழாவில் சேவல் சாமிக்கு. அதுவரை அதை விற்கக்கூடாது, அறுக்கக்கூடாது, கை ஓங்கக்கூடாது.

"அவருக்கு முதல்ல தீனி போடுங்க," என்பார் சேவலைக் காட்டி.

"யாரு அவரு? இத்தனை வருஷத்துல எனக்கு இப்படிப் போட்டிருக்கியா நீ?"

திருவிழாவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது சேவல் தீனி எடுக்காமல் இறகைச் சிலுப்பிக்கொண்டு நின்றது. எச்சம் பச்சையாகப் போனது. சீக்கு வந்த கோழியை ரெங்கசாமி அண்ணன் உடனே அறுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுவார். இப்போதும் கத்தியை எடுத்தார்.

"மத்ததுக்கு ஒட்டிக்கும் வீரம்மா."

"அது உங்க காலுங்க."

"கால் இங்கதான இருக்கு?"

"இருக்கணும்னுதான் சொல்றேன்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். சேவலை வேலி ஓரத்தில் விட்டு ஒரு கூடையைக் கவிழ்த்து மூடினார். கூண்டுப் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லி வைத்தார். மறுநாள் அவருக்குக் காய்ச்சல் கொதித்தது, கால் வீங்கிப் பளபளத்தது. கிள்ளான் மருத்துவமனையில் படுக்கவைத்துவிட்டார்கள்.

அதன்பின் நடந்ததை வீரம்மா அக்கா என் அம்மாவிடம் சொல்லி அழுதார். சாயங்காலம் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது பார்த்தால் கூடை புரண்டு கிடந்திருக்கிறது. ஈரமண்ணில் மூசாங்கின் கால்தடம். சேவல் வேலிக்கடியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குள் வைக்கலாமென்றால் பின்கதவின் அடிப்பலகை உளுத்து ஓட்டையாகியிருந்தது. அந்த வழியாக மீன் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது மூசாங். சேவல் செத்தால் அங்கே படுத்திருக்கும் மனுஷனின் கால் என்ன ஆகும்? அந்த இடத்தில் மூசாங் நுழையாதது ஒன்றே ஒன்றுதான். சேவலைக் கொண்டுபோய்க் கூண்டுக்குள் விட்டுத் தாழ்ப்பாள் போட்டார். பத்து நாள் கழித்து ரெங்கசாமி அண்ணன் திரும்பி வரும்வரை அது அங்கேயே இருந்தது.

காலை எடுக்காமல் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். டாக்சியிலிருந்து ஜெயராஜ்தான் தாங்கி இறக்கினான். ரெங்கசாமி அண்ணன் வீட்டுக்குள் போகவில்லை. கொல்லையில் சத்தமே இல்லாதது அவருக்கு வாசலிலேயே கேட்டிருக்கவேண்டும்.

கூண்டுக்குள் கோழிகள் இறக்கையை விரித்துக் கிடந்தன. மிச்சமிருந்த இரண்டு மூன்று, அலகைத் திறந்து காற்றுக்குத் தவித்தன. சேவல் மட்டும் நின்றுகொண்டிருந்தது. கழுத்து முறுக்கிக்கொண்டு, ஒரு கண் மேலே பார்த்தபடி.

"அவரு பிழைச்சுட்டாருங்க," என்றார் வீரம்மா அக்கா.

"எங்க வச்ச?"

"கூண்டுலதான். வேற எதுங்க பத்திரம்?"

அவர் கூண்டின் தகரம் சுற்றிய காலைப் பிடித்துக்கொண்டார். கத்துவார் என்று ஜெயராஜ் பயந்தான். கத்தியிருக்கலாம்.

கால்நடை இலாகா ஆள் வந்து பார்த்தார். இந்தச் சேவல் இருக்கும்வரை புதுக் குஞ்சு எதையும் கொண்டுவராதீர்கள், மறுபடி இதேதான் நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடித் திருவிழாவில் சபாபதி பூசாரி சேவலைத் தூக்கிப் பார்த்துவிட்டு வீரம்மா அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஊனம் இருக்கக்கூடாதும்மா. வேற கொண்டா."

"அப்ப இதை என்ன செய்யறது?"

"நேர்ந்தது. நீ கை வைக்க முடியாது. அதுவா போகட்டும்."

பாசாரில் வேறு சேவல் வாங்கி வேண்டுதலை முடித்தார்கள். அந்தக் கறியை ரெங்கசாமி அண்ணன் தொடவில்லை.

இப்போது வீரம்மா அக்கா கையுறைத் தொழிற்சாலைக்குப் போகிறார். தீனியைக் குறிவைத்தால் சேவலின் அலகு பக்கத்துப் பலகையில் கொத்துகிறது. ஒருநாள் ஜெயராஜ் வேலியைத் தாண்டி வந்து மெதுவாகச் சொன்னான்.

"ஒரு அமுக்குதாண்ணே. அப்புறம் புதுக் குஞ்சு வாங்கலாம். அக்கா வேலையில இருக்கு, தெரியவா போகுது?"

"அவ அந்தச் சேவலைக் கூண்டுல விட்டது என் காலுக்காக," என்றார் ரெங்கசாமி அண்ணன். "போடா."

தவிட்டைப் பிசைந்து உருட்டி ஒரு கையில் வைத்துக்கொள்கிறார். மறு கையால் சேவலின் கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கிறார். அது விழுங்கி முடிக்கும்வரை அப்படியே பிடித்திருக்கவேண்டும். விட்டால் கழுத்து மறுபடி திரும்பிக்கொள்கிறது.