காகிதத்தில் இளையவன்

நானும் என் நண்பனும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகள் ஒட்டி இருந்தன. இரண்டு அம்மாக்களும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு சேர்ந்தே ரப்பர் பால் வெட்டப் போனார்களாம். ஆனால் அரசாங்கத்தைக் கேட்டால் அவன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். என் வயிற்றெரிச்சலுக்கு அங்கிருந்துதான் தொடக்கம்.

நான் பிறந்ததை அப்பா பதியவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று விட்டுவிட்டார். நான்கு வருடம் கழித்துப் பிறந்த தம்பியை மட்டும் பதிந்தார், அப்போது தோட்ட ஆபீசுக்கு வந்த புதுக் கிராணி அவரை விரட்டியதால். அந்தத் தம்பி ஒரு வயது ஆவதற்குள் காய்ச்சலில் போய்விட்டான். தோட்டத்து ஓரத்தில் புதைத்தார்கள். அதையும் யாரும் பதியவில்லை. பிறகு என்னைப் பள்ளியில் சேர்க்கப் பிறப்புப் பத்திரம் கேட்டபோது, வீட்டில் இருந்த ஒரே பத்திரத்தை அப்பா எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து தம்பியின் பெயரும் வயதும் எனக்கு. வீட்டில் என்னைப் பட்டப்பெயரில்தான் கூப்பிட்டார்கள் என்பதால் யாருக்கும் எந்தச் சிரமமும் இல்லை.

எனக்குத்தான் சிரமம். பத்திரத்துப்படி ஏழு வயது ஆகும்வரை பள்ளியில் சேர்க்கவில்லை. நண்பன் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது நான் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தேன். முட்டி மேசையில் இடிக்கும். சின்னப் பிள்ளைகள் என்னை அண்ணே என்றார்கள். நாலாம் வகுப்போடு போதும் என்று லோரியில் கிளீனராக ஏறிவிட்டேன். அவன் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் வரை படித்தான்.

அதன்பிறகு நான் ஒரு இடத்தில் இருந்ததில்லை. ஜொகூர், பினாங்கு, ஈப்போ, சிலகாலம் காஜாங்கில் ஒரு சாப்பாட்டுக்கடை. வேலை பிடிக்காவிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவன் கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போனவன், பண்டமாரானில் வீடு வாங்கி அங்கேயே வேர்விட்டான். எனக்கு நிலையான வீடு இல்லாததால் அடையாள அட்டையில் அவன் வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருந்தேன். தும்பாங் என்போம், ஒண்டிக்கொள்வது. நான் முகவரியில் மட்டும் ஒண்டினேன். அந்த வீட்டு வாசலில் கார் நிற்பதையும், பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்கள் சுவரில் ஏறுவதையும் போகும்போதெல்லாம் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் ஏதாவது குறை கண்டுபிடிப்பேன். சுவருக்கு அடித்த நிறம் சரியில்லை, கார் பழைய மாடல், இப்படி.

அவனுக்கு அறுபது ஆனதும் நிலைமை மோசமானது. அறுபது தாண்டினால் மலாயில் தங்கக் குடிமக்கள் என்கிறார்கள். அவன் தங்கம் ஆகிவிட்டான். நான் ஆகவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் காவலாளி. என்னைப் பார்க்க வந்தால் ரயிலில் பாதிக் கட்டணத்தில் வருவான். வந்ததும் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டான். அரசாங்க ஆஸ்பத்திரியில் முதியவர்களுக்குத் தனி வரிசை, அங்கே எவ்வளவு சீக்கிரம் மருந்து கிடைத்தது என்பதையும் சொல்வான். எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது, படி ஏறும்போது சத்தம் கேட்கும். பகல் டூட்டி மட்டும் கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். என் ஐசியை, அடையாள அட்டையை, ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னும் அறுபதே ஆகலையே அங்கிள், ஓடலாம், என்றான்.

ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும் காவல் அறையில் கைப்பேசியில் நிதியமைச்சர் பேசுவதைக் கேட்பேன். மூத்த குடிமக்களுக்கு என்று அவர் ஆரம்பித்தால் போதும், எனக்கு வாய் கசக்கும். அடுத்த நிமிடம் நண்பன் கூப்பிடுவான், கேட்டியா என்று. கொஞ்ச காலத்தில் எத்தனையோ பிரதமர்கள் மாறினார்கள். காலையில் ஒருவர் படத்தோடு செய்தி வரும், அடுத்த வருடம் இன்னொருவர் படம். எங்கள் காவல் அறையில் யாரும் மாறவில்லை. யார் வந்தாலும் என் வயது மட்டும் திருத்தப்படவில்லை. பதிவு இலாகாவில் ஒருமுறை விசாரித்தேன். பிறந்ததற்குச் சாட்சி கேட்டார்கள். சாட்சிகள் எல்லாரும் செத்துவிட்டார்கள்.

அந்த மழைக்காலத் தேர்தலுக்கு முன்னால் நான் ஓட்டுப் போட்டதே கிடையாது. கொடி கட்டியிருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் கட்டியிருக்கிறேன், இரண்டு பக்கத்துக் கூடாரத்திலும் மீகூன் தின்றிருக்கிறேன். அவர்கள் கொடுத்த டீ-சட்டைகளைத்தான் வருடக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஆனால் ஓட்டர் என்று பதிந்துகொள்ள ஓர் இடத்தில் நின்றால்தானே. நண்பன் இதை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். அரசியல் பேச்சில் நான் வாயைத் திறந்தால், ஓட்டே போடாதவன் பேசாதே என்று அடக்குவான். பிறகு சட்டம் மாறி, எல்லார் பெயரும் தானாகவே பட்டியலில் ஏறியது. அவன் முகவரியில் என் பெயரும் ஏறியது. இந்தத் தடவை போட்டே தீர்வது என்று இருந்தேன். அவன் வாயை மூட வேறு வழி தெரியவில்லை.

சாயங்கால டூட்டிக்குத் திரும்பிவிட வேண்டும், பிந்தினால் வேலைக்கு வராதே என்று சூப்பர்வைசர் சொல்லித்தான் அனுப்பினான். வாக்குச்சாவடி நண்பன் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். அவன் சொந்த வீட்டுக் கல்யாணம்போல் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். எங்கள் நாட்டில் ஓட்டு வரிசையை வயதைப் பார்த்துப் பிரிப்பார்கள், சாலுரான் என்று பெயர். வயதானவர்களுக்கு முதல் சாலுரான். அவனுக்கு அது. கீழ்த்தள வகுப்பறை, காற்றாடி, நாற்காலி. எனக்கு இரண்டாவது. வரிசை வகுப்பறையிலிருந்து வெளியே வந்து, தகரக் கூரையையும் தாண்டித் திடலில் நின்றது.

"நீ சின்னப் பையன்லா, நல்லா நில்லு," என்றான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

எனக்கு முன்னால் நின்ற அக்கா எப்போதும் இந்தப் பள்ளிதானா என்று கேட்டார். இதுதான் முதல் தடவை என்றேன். "இவ்வளவு நாளா எங்கண்ணே இருந்தீங்க?" என்றார். லோரியில் என்றேன்.

வரிசை நகர்வதற்குள் அவன் முடித்துவிட்டு வந்தான். மை வைத்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தான். அந்த விரலைப் பார்க்கப் பிடிக்காமல் நான் திடலைப் பார்த்தேன். அவன் நேராக வாசலில் இருந்த அதிகாரியிடம் போய், இவனும் நானும் ஒரே வயது, இவனுக்கு முட்டி போய்விட்டது, உள்ளே விடுங்கள் என்று மலாயில் சொன்னான். அது ஓர் இளம் மலாய் ஆசிரியை. என் ஐசியை வாங்கிப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி ஐசியைப் பார்த்தாள். முடியாதவர்களை முன்னால் விடலாம் பாக்சிக், நாற்காலி போடட்டுமா என்று மாமா முறை வைத்து மரியாதையாகத்தான் கேட்டாள்.

வேண்டாம் என்றேன். முட்டி வலித்தது உண்மை. ஆனால் அவன் கேட்டு வாங்கிக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து என் முதல் ஓட்டைப் போட எனக்கு மனசில்லை.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. கூரைக்கு வெளியே நின்றவர்களில் பாதிப் பேர் கலைந்து ஓடினார்கள். நான் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். நண்பன் குடையோடு வந்தான்.

"வாடா போலாம். நம்ம ஆளு எப்படியும் ஜெயிச்சிருவாரு. உன் ஒரு ஓட்டுல என்னா ஆகப்போவுது? டூட்டி போயிரும்லா."

"நீ போ," என்றேன்.

"நனைஞ்சிக்கிட்டு நிக்கிறியே, யாருக்காக நிக்கிற?"

நான் கைக்குட்டையைப் பிழிந்து மறுபடி தலையில் போட்டுக்கொண்டேன். அவன் குடையை என் கையில் திணித்துவிட்டு, சட்டையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடினான். நனைந்துகொண்டே ஓடியவனைப் பார்க்கக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பொய் சொல்வானேன்.

ஓடிப்போனவர்களால் வரிசை குறைந்து, நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் உள்ளே போனேன். விரலில் மை வைத்தார்கள். தாளை வாங்கிக்கொண்டு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்றேன். நண்பன் கொண்டாடும் ஆளின் சின்னமும் எதிர்ப்பக்கத்துச் சின்னமும் அடுத்தடுத்து இருந்தன. எதிர்ப்பக்கத்துக்குக் குத்தினால் நண்பனுக்கு எவ்வளவு எரியும் என்று நினைத்தபோது, என் கை அந்தப் பக்கம்தான் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. ஆனால் நண்பனுடைய ஆள் மோசமில்லை. வெள்ளம் வந்த வருடம் பண்டமாரானில் இடுப்பளவு தண்ணீரில் அரிசி தூக்கிக்கொண்டு நடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் ஒரு கேமராக்காரன்கூட இல்லை. என் எரிச்சல் எனக்கும் நண்பனுக்கும் நடுவில் உள்ளது. அந்த ஆளை அதற்குள் இழுப்பது சரியாகப் படவில்லை. அவருக்கே கோடு போட்டு, தாளை மடித்துப் பெட்டியில் போட்டேன்.

டூட்டிக்கு நேரத்தோடு போய்விட்டேன். ஈர உடுப்போடு காவல் அறையில் உட்கார்ந்திருந்தபோது நண்பன் கூப்பிட்டான். போட்டாச்சா என்றான். போட்டாச்சு என்றேன்.

"யாருக்குடா?"

"ஓட்டு ரகசியம்லா."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான். "டேய், மாத்திக் குத்திட்டியா?" என்றான். நான் கேட்டைத் திறக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவனுடைய ஆள் ஜெயித்தார், வித்தியாசம் கொஞ்சம்தான். அதனால் அவனுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. பிறகு, மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்தவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து அரசாங்கம் அமைத்தார்கள். யாருக்குப் போட்டால் என்ன என்று ஊரே பேசியது. நண்பனுக்கு மட்டும் அப்படியில்லை. பார்க்கும்போதெல்லாம், சுற்றி வளைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கடைசியில் அந்தக் கேள்விக்கே வருவான். பிள்ளைகள் பேச்சும் பாதிக் கட்டணப் பேச்சும் இப்போது குறைந்துவிட்டன. போன வாரம் அவன் மனைவியே என்னைக் கூப்பிட்டு, சொல்லித் தொலைச்சிருங்கண்ணே, இந்த மனுஷன் பாடு தாங்கல என்றார். நாலு பிள்ளைகள் பட்டம் வாங்கிய வீட்டில், எல்லாம் இருக்கிற மனிதனிடம், இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அடுத்த தேர்தல் வரை சொல்வதாக இல்லை.