அம்மா வைத்துவிட்டுப் போன தண்ணீர்

பால்குடி மகன் கௌதமனுக்குக் கீழே இரண்டு பல் வந்தபோது கலைமதி எப்படியோ சமாளித்துவிட்டாள். மேல் பல் ஈறைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்த அதே வாரத்தில் அவள் அம்மா இறந்துபோனாள். அதன் பிறகு எது எந்த வலி என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அம்மா அமுதவல்லியும் அப்பா பலராமனும் மரக்காணம் உப்பளத்தில் கூலிவேலை செய்தவர்கள். கலைமதி ஒரே பெண். திண்டிவனத்தில் பாலிடெக்னிக் படித்தாள். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. பிரஷர் மீட்டர் காட்டுவது நிஜமா பொய்யா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதே இடத்தில் வேலை பார்த்த சதீஷைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை பிறந்ததும் வேலையை நிறுத்திவைத்திருந்தாள்.

அம்மாவிடம் கடைசியாகப் பேசியது போனில்தான்.

"மா, கடிக்கிறாம்மா. புண்ணாயிடுச்சு. ரத்தம் வருது."

"நீ வா. பாத்துக்கலாம்."

இரண்டு நாளில் கிளம்புவதாக இருந்தாள். அதற்குள் அம்மா உப்பளத்து வரப்பில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கலைமதி வந்தது சாவுக்கு. கருமாதி முடியும்வரை அப்பாவோடு இருப்பது என்று முடிவாயிற்று.

வந்த இடத்தில் பிள்ளை இன்னும் மோசமாகக் கடித்தான். இடது காம்பின் அடியில் சதை வெடித்திருந்தது. ரவிக்கைத் துணி உரசினாலே பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவன் பசித்து அழும் சத்தம் கேட்டதும் பால் சுரக்கும். கூடவே அவள் தோளெல்லாம் பயத்தில் இறுகும். பிள்ளைக்குப் பயப்படுகிற தாய் உண்டா என்று யாரைக் கேட்பது? கேட்க வேண்டியவள் படத்துக்குள் மாலையோடு இருந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அடுத்த வீட்டு ஆராயி, அம்மாவோடு ஒரே பாத்தியில் உப்பு வாரியவள், அடித்துச் சொன்னாள். "துக்கத்துப் பால்டி அது. அழுதழுது சூடாயிருக்கும். புள்ளைக்குப் புடிக்கல, கடிக்கிறான்."

"நான் எங்க அத்தை அழுதேன்?"

"அதான். அழுவல, உள்ளயே நின்னுடுச்சு."

அழுதாலும் தப்பு, அழாவிட்டாலும் தப்பு. சதீஷ் போனில் கேட்டான். "டப்பாப் பால் வாங்கிட்டு வந்துடட்டுமா? நீ கஷ்டப்படாத, கலை."

"தெரியலைங்க."

"நிறுத்திடலாம்னு நினைக்கிறியா?"

"தெரியலைன்னுதான சொல்றேன்."

கருவி தப்பாகக் காட்டினால் ஒரு நேரத்தில் ஒரு திருகைத்தான் திருப்பிப் பார்க்க வேண்டும். அதுதான் அவள் கற்ற தொழில். இங்கே எல்லாத் திருகுகளும் ஒன்றாகத் திரும்பிக் கிடந்தன. பல் வந்தது. அம்மா போனாள். பால் குறைந்தது மாதிரி இருந்தது. வீடு மாறியது, வெயில் ஏறியது. எதனால் கடிக்கிறான்?

தடுப்பூசி போட வந்த கிராம நர்ஸ் மட்டும் நிதானமாகப் பார்த்தாள். "பால் குடுக்குறத நிறுத்தாதம்மா. கடிச்சா இழுக்காத, இழுத்தாதான் இன்னும் கிழியும். வாய் ஓரத்துல சுண்டு விரலை விட்டு எடு. குடுக்குறதுக்கு முன்னாடி ஈரத்துணியைச் சில்லுனு கடிக்கக் குடு. வலி கம்மியா இருக்கிற பக்கம் முதல்ல வெச்சுக்க. லேசா உப்புத்தண்ணியில கழுவிக்க, ஆறிடும். காய்ச்சல் வந்தாலோ மாரு செவந்து கல்லாட்டம் ஆனாலோ ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் வெந்நீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டிருப்பாள். இந்த வீட்டில் உப்புத்தண்ணீர் என்றால் வேறு. கால் வெடிப்பு, கை அறுப்பு, முள் குத்தல், எதுவாக இருந்தாலும் அம்மா பாத்தியிலிருந்து மொண்டு வந்த தண்ணீரில்தான் கழுவுவாள். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு வெள்ளை கேன் எப்போதும் இருக்கும். இப்போதும் இருந்தது. அம்மா கடைசியாக நிரப்பி வைத்தது. முக்கால் கேன்.

கலைமதி மூடியைத் திறந்தபோது மற்றதெல்லாம் மறந்துபோனது. அம்மா பார்த்துக்கொள்ளலாம் என்றாளே, இதைத்தான் சொல்லியிருப்பாள்.

ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. பாத்தித் தண்ணீர் கடுமையானது. அப்பாவின் டிகிரி கண்ணாடியை எடுத்துவந்தாள். தண்ணீரில் மிதக்கவிட்டால் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழல் அது. அவள் பார்த்ததிலேயே உச்சத்தில் நின்றது. நல்ல தண்ணீர் கலந்து, கலந்து, கிட்டத்தட்ட அடிக்கோட்டுக்கு வரும்வரை இறக்கினாள். விரலில் வழவழத்தது. கேன் முன்பு எண்ணெய் கேன், அந்தப் பிசுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டாள். இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டாள். தீயாக எரிந்து, பிறகு அடங்கியது. அடங்கியதே பெரிய ஆறுதலாக இருந்தது. அதற்கு மேல் நல்ல தண்ணீரில் கழுவவில்லை.

கௌதமன் ஆசையாக வந்து வாய் வைத்தான். உடனே எடுத்தான். முகம் முழுவதும் கோணியது. நாக்கை வெளியே தள்ளி, அவளை நேராகப் பார்த்தான். அவளை அப்படிப் பார்க்கிற பார்வை அவன் கண்ணில் அதற்கு முன் வந்ததில்லை. பிறகு அலறினான். அடுத்த பக்கம் மாற்றினாள். முதுகை வில்லாக வளைத்துத் திமிறினான்.

சத்தம் கேட்டு ஆராயி ஓடிவந்தாள். "இன்னாடி பண்ண புள்ளைய?"

"ஒண்ணும் பண்ணல அத்தை. உப்புத்தண்ணியில தொடச்சேன்."

"எந்தத் தண்ணி?"

கலைமதி கேனைக் காட்டினாள். ஆராயி ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினாள். துப்பிவிட்டு, துக்க வீடு என்பதையும் மறந்து சிரித்தாள்.

"அடிப்பாவி! உப்பு வாரினப்பறம் பாத்தியில மிச்சம் நிக்கிற கசப்புத் தண்ணிடி இது. காலேஜி படிச்சவளுக்கு இது தெரியல?"

தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடி தண்ணீரின் கனத்தைத்தான் சொல்லும். உள்ளே கரைந்திருப்பது உப்பா வேறு எதுவா என்று சொல்லாது. இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"ஊர்ல எல்லாம் வேப்பெண்ண தடவுவாங்க. இந்தத் தெருவுல இதைத் தடவித்தான் புள்ளைங்களுக்குப் பால் மறக்கடிப்போம்," என்றாள் ஆராயி. "உனக்கும் இதேதான்."

"எனக்கா?"

"பின்ன? உங்கம்மா வேலைக்குப் போவணும்ல? ரெண்டே நாளு, கத்திட்டு அடங்கிட்ட. இந்த கேனைக் கூட உனக்குன்னுதான் கொண்டாந்தா. பொண்ணு வருது, பேரன் கடிக்கிறானாம், மறக்கடிச்சு அனுப்பணும்னு எங்கிட்ட சொல்லிட்டுதான் தூக்கினு வந்தா."

கலைமதி பிள்ளையைத் தோளில் போட்டபடி நின்றாள். அப்படியானால் பார்த்துக்கொள்ளலாம் என்றது இதற்கா? நிறுத்து என்பதா அம்மாவின் பதில்?

உப்பளத்திலிருந்து சோற்றுக்கு வந்த பலராமன் வாசலிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "யாரு, அமுதாவா மறக்கடிச்சா? மூணு வயசு வரைக்கும் குடுத்தாம்மா உனக்கு. நான்தான் உன்னைத் தூக்கினு பாத்திக்குப் போவேன். வரப்புல குடையைப் புடிச்சினு உக்காந்து குடுப்பா."

ஆராயி விடவில்லை. "யோவ், நீ எங்க இருந்த அப்போ? லாரியில மூட்டை ஏத்தப் போயிட்டு வாரம் ஒருக்கா வந்த ஆளு."

"பெத்தவன் நானா நீயா?"

"கூட இருந்தவ நானு!"

"அப்ப இந்த கேனு எதுக்குப்பா?" கலைமதி குறுக்கே கேட்டாள்.

"அவ குதிகால் வெடிப்புக்கு."

"கசப்புத் தண்ணியில எவளாவது கால் கழுவுவாளாயா?" ஆராயி கை தட்டினாள்.

"எல்லாத் தண்ணியிலயும் கழுவுவா அவ. அவளைப் பத்தி எங்கிட்ட சொல்ல வந்துட்ட."

இருவர் சொன்னதிலும் பொய் இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்கவும் முடியாது. இரண்டு கருவி இரண்டு அளவு காட்டினால் மூன்றாவது ஒன்றை வைத்துச் சரிபார்க்கலாம். அந்த மூன்றாவது ஆள்தான் இல்லை. கலைமதி போனில் கேட்ட அந்தக் குரலை மனத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினாள். நீ வா. பாத்துக்கலாம். அதில் நிறுத்து என்பதும் இல்லை, கொடு என்பதும் இல்லை.

மதியம் முழுவதும் கௌதமன் பக்கத்தில் வரவில்லை. சோப்பு போட்டுக் கழுவினாள், வெறும் தண்ணீரில் கழுவினாள், அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். கேழ்வரகுக் கூழ் இரண்டு கரண்டி இறங்கியது. மார்பு கனத்து, அக்குள் வரை இழுத்தது. டம்ளரில் கொஞ்சம் பீய்ச்சிக் கரண்டியால் புகட்டினாள். பாதியைத் துப்பினான். நிறுத்த இதைவிட நல்ல வழி கிடைக்காது. ஆராயி சொன்ன கணக்குப்படி இன்னும் ஒரு நாள் கத்தினால் முடிந்துவிடும். புண் ஆறிவிடும், வேலைக்குப் போகலாம். காலையில் இதே வார்த்தையை யாராவது சொல்லியிருந்தால் சரி என்றிருப்பாள். இப்போது அவன் திருப்பிக்கொண்ட தலையைப் பார்த்தபோது அப்படிச் சொல்ல வரவில்லை. இப்படி முடிய வேண்டும் என்று அவள் கேட்கவில்லையே. ஒன்று திடீரென்று நின்றுபோவதை இந்த மாதத்தில் இன்னொரு தரம் அவளால் தாங்க முடியாது. தெளிவாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

வெயில் சாயும் நேரத்தில், அமுதவல்லியின் பழைய புடவையில் கட்டிய தூளியில் அவன் அரைத் தூக்கத்தில் நெளிந்தான். அவள் மறுபடி கழுவினாள். விரலால் தொட்டுத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசப்பு இல்லை. குளிர்ந்த ஈரத்துணியை அவன் வாயில் கொடுத்தாள். கண்ணைத் திறக்காமலே மென்றான். பிறகு துணியை எடுத்துவிட்டு, வலி குறைந்த வலது பக்கம் சேர்த்தாள்.

நாக்கு நுனியால் தொட்டான். நிறுத்தினான். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

பாலை இழுத்தான்.

வலது முடிந்து இடதுக்கு மாற்றியதும் கால் கட்டைவிரல் வரை வலி ஓடியது. அவள் காம்பை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். குடிக்கும்போது கடிக்கவில்லை. விழுங்குவது குறைந்து, கண் அலைய ஆரம்பித்து, தாடை மட்டும் மேலே ஏறியது. அந்த நேரத்தில் வாய் ஓரத்தில் சுண்டு விரலை விட்டாள். விரலை நறுக்கென்று கடித்தான். அதுவும் வலித்தது. ஆனால் விரல்தான்.

வெளியே இருந்து ஆராயி குரல் கொடுத்தாள். "இன்னாடி, குடிக்கிறானா?"

"குடிக்கிறான் அத்தை."

"கடிக்கிறானா?"

"கடிக்கிறான்."

"அப்ப இன்னா பண்ணப் போற?"

கலைமதி அவனைத் தோளில் சாய்த்துத் தட்டினாள். ஏப்பம் வந்தது.

கருமாதிக்கு வீட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பலராமன் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலிருந்து கேட்டார். "ஏம்மா, இந்த கேன் தண்ணியைக் கொட்டிடவா?"

"வேணாம்ப்பா. இருக்கட்டும்."

"எதுக்கு?"

"தெரியலப்பா," என்றாள் கலைமதி.