தண்ணீருக்கு முன் பெயர்த்த தரை

சைப்ரஸுக்கு நான் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத்தான் போனேன். அந்த அம்மாவின் மகள் தொல்லியல் ஆராய்ச்சி செய்பவர். ஆற்றோர வயலொன்றில் பண்டைய கிரேக்கர் வீட்டின் மொசைக் தரை ஒன்று வெளிப்பட்டிருந்தது. மாரியில் ஆறு பெருகினால் அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஆள் போதாததால், அம்மா பகலில் தூங்கும் நேரங்களில் மகள் என்னையும் அங்கே கூட்டிப்போனார். நகத்தளவு கற்களால் ஆன மீன்களைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவினேன். மேலே பசையால் துணி ஒட்டி, அது காய்ந்தபின் அடியில் தட்டை இரும்பைச் செலுத்தி, துண்டு துண்டாகப் பெயர்த்துப் பலகையில் கவிழ்ப்போம். மழைக்கு முன் முழுவதையும் எடுத்துவிட்டோம்.

ஊர் திரும்பி, திகன என்ற ஊரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வருடம் கடும் வறட்சி. விக்டோரியா நீர்த்தேக்கம் வற்றி, அணை கட்டியபோது மூழ்கிய பழைய தெல்தெனிய நகரம் வெளியே தெரிந்தது. கடை முதலாளியும் பார்க்கப் போனார். அவருடைய வாப்பா அங்கே பீங்கான் கடை வைத்திருந்தவர். உடைந்த கோப்பை, தட்டுகளைச் சேர்த்துத் தன் கையாலேயே வீட்டுத் தரையைப் பதித்தவர் என்று முதலாளி சொல்வார்.

"சுவரொண்டும் மிச்சமில்ல. தரை மட்டும் அப்படியே ஈக்கி. உடையாம எடுக்கேலுமா?" என்று வந்ததும் கடையில் நின்ற கொத்து மேசனிடம் கேட்டார். மேசன் ஏலாது என்றார்.

"எடுக்கலாம் முதலாளி. நான் எடுத்திருக்கேன்," என்றேன்.

"எங்க?"

"சைப்ரஸ்ல."

"நீங்க வீட்டு வேலைக்கெல்லோ போன?"

"அதுக்குத்தான் போனேன்."

மறுநாளே தச்சர்கள் பாவிக்கும் வச்சிரப் பசையும் பழைய வேட்டிகளும் எடுத்துக்கொண்டு முதலாளியும் மேசனும் நானுமாகப் போனோம். வெடித்த சேற்றைச் சுரண்டிக் கழுவியதும் நடுவில் பெரிய சிவப்புப் பூவும் சுற்றிலும் நீலக் கரையும் தெரிந்தன. ஒரு மூலையில் மட்டும் ஒழுங்கற்ற துண்டுகள் நெருக்கியடித்துக் கிடந்தன.

மூன்றாம் நாள் முதலாளியின் அக்கா குடையோடு வந்தார்; அவரை ராத்தா என்பார்கள். மேட்டில் கதிரை போட்டு உட்காரவைத்தோம். மலைப்பக்கம் மழை தொடங்கிவிட்டதால் ஒன்றிரண்டு நாள்தான் மிச்சம் என்று முதலாளி சொன்னார். பூவையாவது எடுத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"அந்தப் பூவ கொழும்பு மேசன் ஒராள் வந்து வெச்சது," என்றார் ராத்தா. "வாப்பா பாத்துக்கொண்டு நிண்டார். இந்த மூலதான் நம்மட ஆக்கள் வெச்சது. உம்மா வெச்சா. நான் துண்டு எடுத்துக் குடுத்தேன்."

முதலாளி அந்த மூலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "பூவ முதல்ல எடுப்பம்," என்றார்.

பூவின் அடியில் சீமெந்து. அது துணியோடு வராது என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. மேசன் உளியை வைத்து இரண்டாம் அடி அடித்ததும் இதழ்கள் நடுவால் பிளந்தன. முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

மூலையில் வெறும் சுண்ணாம்பு. இத்தனை வருடம் நீரில் ஊறி அது இளகியிருந்தது. துணி ஒட்டி, வெயிலில் ஒரு பகல் காயவிட்டு இரும்பைச் செலுத்தினேன். நான்கு துண்டுகளாக வந்தது. அந்த வாரமே தண்ணீர் ஏறிவிட்டது.

ராத்தா வீட்டுக் குசினியில் அதைப் பதித்தோம். வெந்நீர் ஊற்றித் துணியை உரித்தபோதுதான் கவனித்தேன்: பின்புறம் எண் எழுதாததால் ஒரு துண்டு திசை மாறிப் பதிந்திருந்தது. திருப்பி எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம், ஈக்கட்டும்," என்று சொல்லிவிட்டு ராத்தா தேத்தண்ணி போட அடுப்புப் பக்கம் போனார்.