மேஸ்திரியின் இடது கை

மேட்டுப்பாளையத்தில் ரயிலைவிட்டு இறங்கிப் பவானிக் கரையில் நிற்கிறேன். கையில் விக்டோரியா ராணி காலத்து லண்டன் பத்திரிகைப் படம். இதோ இந்த இரும்புப் பாலத்தைக் கட்டும்போது வரைந்தது. படத்தில் மலை இடப்பக்கம் இருக்கிறது, இங்கே வலப்பக்கம். பாலத்துக்கு மறுபுறம் போய்ப் பார்க்கிறேன். மலை இடப்பக்கம் வந்துவிடுகிறது, ஆனால் ஆறு படத்துக்கு எதிராக ஓடுகிறது. எந்தப் பக்கம் நின்றாலும் படம் பொருந்தவில்லை. படம் உள்ளது உள்ளபடி என்று கட்டுரை எழுதி, ஆற்றைப் பாராமலே, நேற்றுத்தான் கோயமுத்தூரில் தபாலில் போட்டேன்.

பரிசல்காரர் ஒருவர் என் கையிலிருக்கும் படத்தை எட்டிப் பார்க்கிறார்.

"ஏனுங்க, இந்த மேஸ்திரி எதுக்குங்க எடது கைல வெத்தலை குடுக்கறாரு?"

"வெள்ளைக்காரன் வரைந்தது. அவனுக்கு என்ன தெரியும்?"

"அவிகளுக்குத் தெரியாதுங்க. வாங்கற கூலியாளுக்குத் தெரியுமில்லீங்களா? அவனும் எடது கைய நீட்டறானே! எங்கூருல அடிதடியே ஆயிருக்குமுங்க."

தாளை வாங்கிப் பின்பக்கமாகத் திருப்பி வெயிலுக்கு நேரே பிடிக்கிறார். அந்தப் பக்கத்தில் அச்சு இல்லை. படம் மட்டும் ஊடுருவித் தெரிகிறது. நான் முதலில் நின்று பார்த்தபடியே மலை வலப்பக்கம் வந்துவிட்டது. ஆறு சரியாக ஓடுகிறது. மேஸ்திரி வலது கையால் வெற்றிலை கொடுக்கிறார். அச்சுக்கட்டை செதுக்கியவன் படத்தை இடவலம் மாற்றிவிட்டிருக்கிறான்.

"இப்பச் சரியாருக்குதுங்க."

படம் சரிதான். என் கட்டுரையை எந்த வெயிலில் பிடிப்பது?