திராட்சை இலையும் மீசைக்காரரும்

ஜெர்மனியின் ஹம் நகரில் குர்திஷ் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு மனைவியோடு முதன்முதலாகப் போனேன். பரிமாறியவருக்குத் தடித்த நரை மீசை. எந்த மேசையிலும் தட்டை வைத்துவிட்டு நகரமாட்டார். முதல் வாய் உள்ளே இறங்கும்வரை தோளில் துண்டோடு நின்று பார்ப்பார்.

திராட்சை இலையில் சோற்றைச் சுருட்டி அவித்த டொல்மா வந்தது. வாழையிலைச் சோற்றுப் பார்சலைப் பிரிப்பதுபோல் பக்குவமாகப் பிரித்து, சோற்றைத் தின்று, இலையைத் தட்டோரம் வைத்தேன். மீசை தொங்கிப்போனது.

“இலையில் என்ன குறை?” என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

“குறை இல்லை. எங்கள் ஊரில் இலையைச் சாப்பிடுவதில்லை. வாழையிலையில் சாப்பிட்டு, மடித்து எறிந்துவிடுவோம்.”

“எறிந்துவிடுவீர்களா?”

“சும்மா இருங்கோப்பா, மனுசன் அழப்போறார்” என்றாள் மனைவி தமிழில்.

அவர் நான் ஒதுக்கிய இலையை எடுத்துத் தன் வாயில் போட்டு, என் கண்ணைப் பார்த்தபடி மென்று காட்டினார். அடுத்ததை இலையோடு விழுங்கினேன். புளிப்பாக, நன்றாகவே இருந்தது. அதன் பிறகுதான் நகர்ந்தார்.

போன மாதம் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு தமிழ்க் கலியாணப் பந்தி. சாப்பிட்டு முடித்து வாழையிலையை மடிக்கப் போனவன், முதலில் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.