ஸ்டெல்லா அக்காவும் ஃப்ளூரினும்

நரநரவென்று ஒரு சத்தம்... விடிந்தும் விடியாமலும் வீட்டுக்குப் பின்னால் இருந்து வரும். செங்கல்லை இடித்துச் சலித்த பொடியை விரலில் தொட்டு ஸ்டெல்லா அக்கா பல் தேய்க்கிற சத்தம். கேட்கிற எனக்கே பல் கூசும்.

ஈறில் ரத்தம் வரும். பல்லில் இருக்கிற காப்பிக் கலர் பட்டை மட்டும் போகாது.

எண்பதுகளின் கடைசியில், காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பல்தான். எனக்கு மட்டும் வெள்ளையாக இருக்கும். நான் ஏதோ பிறவி அழகன் என்று நினைத்துக் கண்ணாடி முன்னால் சிரித்துச் சிரித்துப் பார்த்துக்கொள்வேன். அறிவு அவ்வளவுதான்.

அப்போது நான் பிளஸ் டூ. வேதியியலுக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. ஆனால் ஒரே ஒரு பாடம் மண்டையில் ஏறியது... எலக்ட்ரான் கவர்திறன்.

சார் போர்டில் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் ஃப்ளூரின் என்று எழுதி, நடுவில் ரெண்டு புள்ளி வைத்தார்.

"ஆளுக்கு ஒன்னு போட்டு ரெண்டு பேரும் பொதுவுல வெச்சிருக்கற எலக்ட்ரான்டா இது. பாத்தா சரிபங்கு. ஆனா ஃப்ளூரின் சும்மா இருக்க மாட்டான், தம்பக்கமே இழுத்துக்குவான். அதனால அவம்பக்கம் கொஞ்சம் மைனஸ், இவம்பக்கம் கொஞ்சம் பிளஸ். இதான் முனைவுள்ள பிணைப்பு."

"அவன விட இழுக்கறவன் யாரு சார்?" என்று கடைசி பெஞ்சில் இருந்து ஒரு குரல்.

"எவனும் இல்ல. அவந்தான் டாப்பு."

அந்தச் சமயத்தில்தான் தர்மபுரியில் இருந்து ஜீப்பில் வந்தவர்கள் எங்கள் அடிபம்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனார்கள். திரும்பி வந்து, இதில் ஃப்ளூரைடு அதிகம், பல்லைக் கெடுப்பது இதுதான், போகப்போக எலும்பையும் பிடிக்கும் என்றார்கள். குடிக்கக்கூடாது என்று பம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். வேறு தண்ணீருக்கு எங்கே போவது என்று மட்டும் சொல்லவில்லை. சிவப்புப் பம்பிலேயே அடித்தோம், குடித்தோம்.

எனக்கோ ஒரே சந்தோஷம். திருடன் யார் என்று தெரிந்துவிட்டதே! ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கம்பைநல்லூரில் இருந்து அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் பல்லைப் பார்த்ததும் எழுந்து போனவர்கள். இதுவும் தட்டிப்போனால் இனி யார் முன்னாலும் பெண்ணை நிறுத்தமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார்.

சாரிடம் ஓடினேன். "பல்லுல புடிச்சிருக்கற ஃப்ளூரின எத போட்டு சார் இழுக்கறது?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "தண்ணில வர்றது எலக்ட்ரான ஏற்கெனவே வாங்கி வெச்சிக்கிட்ட ஃப்ளூரைடுடா. அதுக்குச் சுண்ணாம்புச் சத்துன்னா உயிரு. பல்லும் எலும்பும் அதான? பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே உள்ளாற கெடுத்துருது. இனிமேட்டு தேச்சி ஒன்னும் ஆவாது."

அப்புறம் என் வாயைப் பார்த்தார். "உனக்கு எப்பிடிடா தப்பிச்சிது?"

அப்போதுதான் உறைத்தது. நடக்கப் பழகியதுமே என்னை அரூரில் மாமா வீட்டில் விட்டுவிட்டார்கள், ஆம்பளைப் பையன் டவுனில் வளரட்டும் என்று. அங்கே வேறு தண்ணீர். பத்தாவது முடித்துத்தான் திரும்பி வந்தேன். அக்கா ஊரிலேயே இருந்தாள், பம்பு அடித்துக்கொண்டு.

ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பார்த்தால் சரிபங்குதான்...

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். "வாயத் தொறக்காத ஸ்டெல்லா. என்ன கேட்டாலும் தலய ஆட்டு. மிச்சத்த நாங்க பேசிக்கறோம்."

மாப்பிள்ளையின் அம்மா, "பேரு என்னம்மா?" என்றார்.

"ஸ்டெல்லாங்க," என்றாள் அம்மா.

"எதுவரைக்கும் படிச்சிருக்க?"

"பத்தாவதுங்க," என்றார் அப்பா.

"ஜெபமெல்லாம் சொல்லுவியா?"

"அக்கா சூப்பரா சொல்லும்ங்க!" இது நான்.

அக்கா தலையை ஆட்டினாள். அவர்களும் காப்பி குடித்துவிட்டுச் சிரித்த முகமாகத்தான் போனார்கள். ரெண்டு நாளில் ஆள் மூலமாகச் செய்தி வந்தது. 'ஊமைப் பொண்ண இப்பிடி மறச்சிட்டீங்களே.'

வீடே சிரித்தது. அக்காதான் அதிகம் சிரித்தாள். இவ்வளவுதானே, உண்மையைச் சொன்னால் சரியாகிவிடும் என்று அப்பா மறுநாளே கம்பைநல்லூருக்குப் பஸ் ஏறினார். பெண் நன்றாகப் பேசுவாள், பல்லில் கறை, அதற்குத்தான் வாயை மூடச் சொன்னோம் என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் அம்மா.

"ஊமையா இருந்தாக்கூடப் பரவால்லியாம். அந்தத் தண்ணி குடிச்ச பொண்ணு வாணாமாம். நாளைக்கி இடுப்பு புடிச்சிக்கிட்டா யாரு பாக்கறதுன்னு கேக்கறாங்க."

அக்கா எழுந்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனாள். வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதன்பிறகு யாரையும் கூப்பிடவில்லை. நான் ஃபெயிலான வேதியியலைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்துக் கடைசியில் அதற்கே பாவமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஊருக்குக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. என் பொண்ணு நாளெல்லாம் செல்போனைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறாள். வெள்ளைப் பல்லு.

அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். அந்தக் கம்பைநல்லூர் அம்மா சொன்னது பலித்துவிட்டது... முதுகு நிமிராது, முழங்கால் மடங்காது. பூசையில் எல்லாரும் முழங்கால் போடும்போது இவள் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

குழாயில் முதல் தண்ணீர் வந்த அன்று ஒரு டம்ளர் பிடித்து அவளிடம்தான் கொடுத்தேன். அண்ணாந்து குடிக்கக் கழுத்து வளையாது. வாய் வைத்து, மெதுவாகக் குடித்தாள்.

"இது அப்பவே வந்திருந்தா, இந்நேரம் கம்பைநல்லூர்ல பேரன் பேத்திய திட்டிக்கிட்டு இருந்திருப்பேன்டா தம்பி," என்றாள்.

 

டம்ளரை நீட்டினாள்.

"இன்னங் கொஞ்சம் ஊத்து."